துப்பாக்கி ஒருவர் தோளில், லைசென்ஸ் இன்னொருவர் பெட்டியில்!

துப்பாக்கி சுடும் தளத்தின் வாசலில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, "நன்றாகக் குறி பார்ப்பீர்களா?" என்பதல்ல. "லைசென்ஸ் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்பதுதான். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுளிக்கிறது. "நான் சந்தா கட்டிய அங்கத்தினன், துப்பாக்கி என் சொந்தக் காசில் வாங்கியது, காகிதத்தைப் போலீஸ் கேட்டால் காட்டுவேன், கிளப்புக்காரர் யார் என்னைக் கேட்பதற்கு?" என்று வாதாடுகிறார்கள். கேட்பது சரியே என்பது என் கட்சி. ஆனால் கேட்டு வாங்கிய காகிதத்தைத் திருப்பித் தராமல் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை என்பதும் அதே கட்சியின் இன்னொரு பாதி. இந்த இரண்டாவது பாதிதான் கொச்சியில் பிழைக்க வந்திருக்கும் நம்மவர்கள் பலரைத் தொடுகிறது.

மட்டாஞ்சேரி கிடங்கில் மூட்டை தூக்குகிறவருக்கும், வண்ணார் துறையில் துணி வெளுக்கிறவருக்கும், ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பாங்கு வாசலிலும், நகைக்கடை முகப்பிலும், பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலும் இரட்டைக் குழல் துப்பாக்கியுடன் நிற்கிறவர்களில் தென் மாவட்டங்களிலிருந்து வந்த முன்னாள் ராணுவத்தினர் உண்டு. அவர்கள் நம் வரிசை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய சோறு அந்தச் சிறு புத்தகத்தில் இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

1878-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் போய், சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. இதன் 3-வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. பழைய விதிகளுக்குப் பதிலாக 2016-ல் புதிய ஆயுத விதிகள் வந்தன. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் சாதாரண ரைபிளுக்கு மத்திய சர்க்காரிடம் பதிவே கிடையாது. இயந்திரத் துப்பாக்கி, குழல் குட்டையான ரைபிள், சத்தத்தை அடக்கும் குழாய் போன்றவற்றுக்கு மட்டும் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அங்கே சில தளங்கள் அந்தப் பதிவுச் சீட்டைக் கேட்கின்றன, சில கேட்பதில்லை. கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் அபாயம்.

நம் நாட்டில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆளுக்கு உள்ள அனுமதியும் துப்பாக்கிக்கு உள்ள அடையாளமும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. வைத்திருப்பவரின் போட்டோ, துப்பாக்கியின் ரகம், அதில் பொறித்த எண், எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், எந்த எல்லைக்குள் செல்லும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதிலேயே உண்டு. ஆகவே தளத்தில் பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: போட்டோவும் ஆளும் ஒன்றா, புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றா, தேதியும் எல்லையும் சரியா? இரண்டு நிமிட வேலை.

எல்லோரிடமும் எல்லாம் கேட்க வேண்டியதில்லை

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விளையாட்டுக்காகச் சுடப் பழகும் பிள்ளைகளைச் சட்டம் வெருட்டவில்லை. 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் தூரத்தில் சுடும் காற்று ரைபிள் அந்த ரகமே. கடலூரில் பிறந்து, பிழைக்கப் போன குடும்பத்தோடு குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் 2024-ல் பாரிஸுக்கும் போனது அந்தத் துப்பாக்கியோடுதான். ஊரை விட்டு வந்து வாழும் நம் வீட்டுப் பெண்களுக்கும் அது எட்டாத விஷயமல்ல. ஆனால் அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுட்ட புதுக்கோட்டை பிருதிவிராஜ் தொண்டைமானின் ஆயுதம் 12-போர் துப்பாக்கி. அதற்கு லைசென்ஸ் இன்றியமையாதது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் அங்கத்தினர் குறி பழக .22 ரைபிளோ காற்று ரைபிளோ உபயோகித்தால், அதை மேலே சொன்ன எண்ணிக்கைக் கட்டில் சேர்ப்பதில்லை என்ற சலுகையும் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆகவே பயிற்சித் தளம் எதுவாயினும் அதன் விதி தெளிவாக இருக்க வேண்டும். 2015-ல் கேரளத்தில் நடந்த 35-வது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வட்டியூர்க்காவில் கட்டப்பட்டது போன்ற பெரிய தளமாக இருந்தாலும் சரி, மாவட்டத்து ரைபிள் கிளப்பாக இருந்தாலும் சரி. காற்றுத் துப்பாக்கியுடன் வரும் பையனிடம் அடையாளச் சீட்டு போதும். லைசென்ஸ் கேட்டு அவனைத் திருப்பி அனுப்புவது அறியாமை. லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கியுடன் வருபவர் யாராயிருந்தாலும் அசல் புத்தகத்தைக் காட்டாமல் உள்ளே விடுவது அசட்டை. 2024 டிசம்பரில் 'ரைபிள் கிளப்' என்ற மலையாளப் படம் வந்த பிறகு இளைஞர்களுக்கு இந்த விளையாட்டில் ஆசை பிறந்திருந்தால் வியப்பில்லை. ஆசை வரும்போதே ஒழுங்கும் கூட வரட்டும்.

எதிர்வாதங்கள்

"தளத்துக்காரர் போலீஸ் அல்லவே!" என்பது முதல் வாதம். உண்மை. சட்டத்தின் 19-வது பிரிவில் லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரம் போலீஸ் அதிகாரிக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற மற்ற அதிகாரிக்கும்தான் தரப்பட்டிருக்கிறது. ஆனால் தன் கூரைக்கு அடியில் என்ன ஆயுதம் நுழைகிறது என்று தெரிந்துகொள்வது அதிகாரம் அல்ல, பொறுப்பு. பார்சல் ஆபீஸில் ஒரு பெட்டியைக் கொடுத்தால் உள்ளே என்ன என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் ரசீது தருகிறோம். அதற்காகப் பார்சல் குமாஸ்தாவைப் போலீஸ் என்று எவரும் சொல்வதில்லை.

"தெரிந்த மனிதர், பெரிய மனிதர், அவரிடம் கேட்கலாமா?" என்பது இரண்டாவது. இதுதான் கெடுதலின் வேர். டிக்கெட் பரிசோதகர் மூன்று பெட்டியில் கண்டிப்பாகவும் நாலாவது பெட்டியில் கும்பிட்டுவிட்டும் போனால், டிக்கெட் எடுத்தவனுக்கும் அந்த ரயிலில் மரியாதை இருக்காது. எல்லோரிடமும் கேட்டால் எவருக்கும் அவமானம் இல்லை. சிலரிடம் மட்டும் கேட்டால், கேட்கப்படுகிறவர் எப்போதும் ஏழையாகவும் வெளியூர்க்காரராகவும்தான் இருப்பார். இது நாம் அனுபவத்தில் கண்டது.

சட்டப்படி விலக்குப் பெற்றவர்களும்கூடக் காகிதம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து மாநிலத்துக் குடகர்களுக்கு வெள்ளைக்காரர் காலம் தொட்டு லைசென்ஸ் விலக்கு உண்டு. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவர்களும் விலக்குச் சான்றிதழ் வாங்கியே வைத்திருக்கிறார்கள். குலப்பெருமைக்கே சான்றிதழ் வேண்டியிருக்கும்போது சந்தா ரசீதுக்கு என்ன தனிப் பெருமை?

"ஜெராக்ஸ் காப்பி போதாதா?" என்பது மூன்றாவது. போதாது. அதற்குக் காரணம் நம் கேரளத்திலேயே நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் திருவனந்தபுரம் கரமனையில், ஏ.டி.எம். இயந்திரங்களுக்குப் பணம் கொண்டு செல்லும் காவல் வேலையிலிருந்த காஷ்மீர்க்காரர்கள் ஐந்து பேர் கைது செய்யப்பட்டனர். அவர்கள் காட்டிய லைசென்ஸ்கள் போலி என்று போலீஸ் கூறிற்று. அதைத் தொடர்ந்து இங்கே களமசேரியிலும் காவலாளிகளின் துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டன. காஷ்மீர் லைசென்ஸ் என்பது அப்போதே நாறிப்போன விஷயம். 2012 முதல் 2016 வரை அந்த மாநிலத்தில் 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டி, அதிகாரிகளின் வீடுகளிலெல்லாம் சோதனை நடத்தியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. அது உண்மையா என்றும் பார்க்க வேண்டும். நாடு முழுவதற்குமான ஆயுத லைசென்ஸ் பதிவேடு ஒன்றை மத்திய உள்துறை ஏற்படுத்தி, ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி அடையாள எண் தந்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்காமல் தாளின் முத்திரையை மட்டும் பார்ப்பது, நோட்டில் காந்தி படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது போல. இரண்டாவது பாடம்: அந்தச் சம்பவத்தில் முதலில் விலங்கு பூட்டப்பட்டவர்கள் வேலைக்கு வந்த இளைஞர்கள். வேலைக்கு எடுக்கும்போதே அந்தக் காகிதங்களை எவராவது சரிபார்த்திருந்தால் கரமனை வரை அந்தத் துப்பாக்கிகள் வந்திருக்குமா?

தூத்துக்குடிக் கப்பல்

எய்தவன் இருக்க அம்பை நோவது என்பதற்கு இன்னும் பெரிய உதாரணம் தூத்துக்குடியில் உண்டு. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹையோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை பிடித்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் வேலைக்காக ஓர் அமெரிக்க நிறுவனம் நடத்திய கப்பல் அது. கப்பல் ஊழியர்களும் காவலாளிகளுமாக 35 பேர்; துப்பாக்கிகளும் 35; தோட்டாக்கள் ஐயாயிரத்துக்கும் மேல். பிரிட்டிஷ்காரர், எஸ்தோனியர், உக்ரைனியர், இந்தியர் எல்லோரும் அதில் இருந்தனர். ஆயுதங்களுக்கு முறையான ஆவணங்கள் உண்டு என்று நிறுவனம் சொன்னது. ஆனால் நம் கடல் எல்லையில் செல்லக்கூடிய அனுமதி எங்கே என்பதுதான் வழக்கு.

சென்னை உயர்நீதிமன்றம் 2014-ல் ஆயுத வழக்கை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2015-ல் அதை மீண்டும் நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது. குற்றமற்றவர்கள் என்று தெரிய நாலு ஆண்டுகள். சம்பளத்துக்கு வந்த மனிதர்களின் நாலு ஆண்டுகள் அவை. நிறுவனத்தின் பீரோவில் இருந்த காகிதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. காகிதம் இருப்பது வேறு, நிற்கிற இடத்தில் அது செல்லுபடியாவது வேறு என்பதைச் சம்பளக்காரன்தான் சிறையில் இருந்து கற்றுக்கொண்டான்.

கொச்சியில் நம்மவர் நிலை

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எர்ணாகுளத்தில் ஒரு நிறுவனத்தில் காவல் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கி அவருடையது, லைசென்ஸ் அவர் பெயரில்.

"புக்கு ஆபீஸ் பெட்டியிலே இருக்கு, தம்பி. வேலையை விட்டு ஊருக்குப் போயிருவேன்னு வாங்கி வச்சிருக்காங்க. என்கிட்டே ஜெராக்ஸ்தான்" என்றார்.

"ராத்திரி டியூட்டியில் போலீஸ் கேட்டால்?"

"ஆபீஸுக்குப் போன் போடணும்."

"ஆபீஸ் பூட்டியிருந்தால்?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஆயுதம் வைத்திருப்பவர் லைசென்ஸைக் காட்டாவிட்டால் போலீஸ் அதிகாரி பெயர், விலாசம் கேட்கலாம்; ஆயுதத்தைக் கைப்பற்றலாம். சட்டம் அந்தக் காவலாளியைத்தான் கேட்கும்; பெட்டிச் சாவி வைத்திருப்பவரை அல்ல.

இன்னொரு கொடுமையும் அவருக்கு நேர்ந்திருக்கிறது. போன முறை லைசென்ஸ் தேதி முடியும் சமயத்தில் புத்தகம் ஆபீஸில் இருந்தது. அங்கே எவரும் பார்க்கவில்லை. தேதி போய்விட்டது. தேதி போன லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருப்பது சட்ட விரோதம். 21-வது பிரிவுப்படி போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தார். புதுப்பித்து வாங்க ஊருக்கும் தாலுகாவுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடந்தார். துப்பாக்கி இல்லாத காவலாளிக்கு அந்த மாதங்களில் சம்பளமும் இல்லை. தவறு யாருடையது, பட்டினி யாருக்கு?

இதற்கு ஒரு காரணம் உண்டு. "துப்பாக்கியோடு ஆள் தேவை" என்று சில இடங்களில் வேலைக்கு எடுக்கிறார்கள். தற்காப்புக்கென்று ஒருவர் வாங்கிய லைசென்ஸை ஒரு நிறுவனத்தின் கல்லாவைக் காக்க வாடகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு இது. பாங்குகளும் நிறுவனங்களும் தங்கள் பெயரிலேயே லைசென்ஸ் வாங்கி, காவலாளியின் பெயரை அதில் முறைப்படி சேர்த்துக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது. அதுதான் நேர்மை. துப்பாக்கியும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் அதில் முதலாளிக்குச் செலவும் அலைச்சலும் உண்டு. காவலாளியின் சொந்த லைசென்ஸ் என்றால் அலைச்சல் எல்லாம் காவலாளிக்கே.

செய்ய வேண்டியவை

நம்மவர்களுக்கு முதலில். துப்பாக்கி தோளில் இருந்தால் அசல் புத்தகம் பையில் இருக்க வேண்டும். "ஆபீஸுக்குக் காப்பி தருகிறேன், அசல் என்னிடம் இருக்கட்டும்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். லைசென்ஸில் எந்த எல்லை எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் வாளையாறு தாண்டியதும் அது வெறும் காகிதம். ஊர் மாறிக் குடியேறினால் லைசென்ஸ் தந்த அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். புதுப்பிக்கும் தேதியைக் கல்யாணத் தேதி போலக் காலண்டரில் வட்டமிடுங்கள். லீவில் ஊருக்குப் போகும்போது துப்பாக்கியைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். லைசென்ஸ் உள்ளவரின் முன்னிலையிலோ எழுத்து மூலமான அனுமதியுடனோ, பழுது பார்க்கவும் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் அவருடைய உபயோகத்துக்கும் மட்டுமே இன்னொருவர் அதை எடுத்துச் செல்லலாம். நட்புக்காகப் பூட்டி வைத்தவரும் குற்றவாளி ஆகிவிடுவார். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆறு மாதச் சிறையோ இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. லைசென்ஸே இல்லாமல் பிடிபட்டால் ஆண்டுக்கணக்கு.

அடுத்து, சுடும் தளங்களுக்கும் கிளப்புகளுக்கும். எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் காகிதம் என்று மலையாளம், தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் நான்கிலும் வாசலில் பலகை வையுங்கள். கேட்பதானால் எல்லோரிடமும் கேளுங்கள். அசலைப் பாருங்கள், எண்ணை ரிஜிஸ்டரில் குறியுங்கள், அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். தேதி முடியப் போகிறது என்று கண்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் சம்பளம் காப்பாற்றப்படும். காவல் வேலையில் இருப்பவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பயிற்சி நேரம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. ஆண்டுக்கணக்கில் சுடாத துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நெரிசலான கடை வாசலில் நிற்பவரால் கொள்ளைக்காரனைவிட வழிப்போக்கருக்குத்தான் ஆபத்து.

கடைசியாக, மாவட்ட அதிகாரிகளுக்கு. காவலாளியின் லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தடுக்கத் தெளிவான உத்தரவு ஒன்று வேண்டும். துப்பாக்கிகளைச் சோதிக்கும்போது, "அசல் எங்கே?" என்று காவலாளியைக் கேட்பதோடு நிற்காமல், "அவருடைய அசல் உன் பெட்டியில் ஏன்?" என்று நிறுவனத்தையும் கேட்க வேண்டும். நிறுவனங்கள் செய்யும் குற்றத்துக்கு அவற்றை நடத்துபவர்களையும் பொறுப்பாக்க 33-வது பிரிவு சட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது.

ஆயுதத்துக்குக் காகிதம் கேட்பதை நாம் எதிர்க்கக் கூடாது. நேர்மையாக வேலை செய்கிறவனுக்கு அது கேடயம். ஆனால் கேடயம் போரிடுகிறவன் கையில் இருந்தால்தான் பயன். முதலாளியின் பெட்டியில் இருந்தால் அது வெறும் தகரம். அடுத்த முறை டியூட்டிக்குப் புறப்படும்போது நம்மவர் ஒவ்வொருவரும் துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன் பையைத் தொட்டுப் பார்க்கட்டும். புத்தகம் இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்கட்டும்.